ஆளில்லாத வீடுகளுக்கு விளக்குப் போட்டவள்

இந்த வாக்குமூலத்தில் எழுதாமல் என் பெயரும் தகப்பனார் பெயரும் உறையிட்டுத் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டிடத்தில் எல்லோரும் என்னை லைட்டக்கா என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. கணவர் உயிருடன் இல்லை. தீப்பிடித்த அந்த ஏழு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறையில், செய்யும் வேலைக்குப் பதிலாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறேன். வாக்குமூலம் கொடுக்க யாரும் என்னை மிரட்டி இங்கே அழைத்து வரவில்லை. உண்மையைச் சொல்லக்கூடாது என்று மிரட்டியவர் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காலி வீடுகளில் ஆள் இருப்பதுபோல் காட்டுவது என் வேலை. அங்கே பாதிக்கு மேல் காலி வீடுகள்தான். அந்தி சாயும்போது சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், சில வீடுகளில் விளக்கையும் டிவியையும் போட்டு, பால்கனியில் துணி காயப்போட்டு, வாசலில் பழைய செருப்புகளைக் கோணலாகக் கழற்றிவிட்ட மாதிரி போட்டு வைப்பேன். யாராவது வீடு பார்க்க வந்தால் பக்கத்து வீட்டில் நின்று வெங்காயம் வதக்குவேன். அந்த வாசனைக்கு மயங்காத பார்ட்டியை நான் பார்த்ததில்லை. புரோக்கர் இது ஒன்றுதான் காலி என்று அவர்களிடம் சொல்லி முடிக்கும் நேரத்துக்கு, வதக்கிக்கொண்டே அவருக்குப் போன் அடிப்பேன். அவர் வேறொரு பார்ட்டியிடம் பேசுவதுபோல் என்னிடம், “கொஞ்சம் பொறுங்க சார், இவங்க யோசிக்கிறாங்க” என்பார். அவ்வளவுதான், வந்தவர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டு, கேட்ட வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் பாதிக் கட்டிடத்தை மறைத்துக்கொண்டிருந்தோம். சில நாள் எனக்குச் சிரிப்புக்கூட வரும்.

இவ்வளவு வீட்டையும் ஏன் பூட்டி வைக்கவேண்டும், பாதி வாடகைக்கு விட்டாலும் லாபம்தானே என்று ஒருமுறை கட்டிட மேனேஜரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “எல்லாத்தையும் திறந்துவிட்டா எவன் இந்த வாடகை கொடுப்பான்? பூட்டிக் கிடக்குற வீடுதான்க்கா மத்த வீட்டுக்கு விலை ஏத்திக் கொடுக்குது” என்றார். இந்தத் தெருவில் இன்னும் மூன்று கட்டிடங்கள் இதே முதலாளியுடையவை, அங்கேயும் என்னைப்போல் ஆள் உண்டு என்றார். அன்றிலிருந்து தெருவில் எந்த ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தாலும், உள்ளே ஆள் நடமாடுகிறார்களா என்று நின்று பார்ப்பேன்.

அதன் பிறகு என் தங்கை குடும்பம் வந்தது. தங்கை துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவள் கணவர் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர். ஒரே பெண் குழந்தை. ஒரே வருடத்தில் அவர்கள் அறைக்கு மறுபடி மறுபடி வாடகை ஏற்றினார்கள். கொடுக்க முடியாதபோது கட்டிலையும் பாத்திரங்களையும் நடைபாதையில் எடுத்து வைத்துவிட்டார்கள். தங்கை கட்டிலின் மேல் உட்கார்ந்தபடி எனக்குப் போன் செய்தாள். என் அறையில் நான் ஒருத்தி கால் நீட்டவே இடம் போதாது. எனவே ஐந்தாவது மாடியின் கடைசி வீட்டுச் சாவியை நானே அவர்களிடம் கொடுத்தேன். அதன் ஜன்னல்கள் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைப் பார்த்தவை, அதனால் நான் விளக்குப் போட வேண்டிய வீடுகளில் அது இல்லை. ராத்திரி லைட் போடக்கூடாது, செருப்பு உள்ளே இருக்கவேண்டும், யார் தட்டினாலும் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தேன். குழந்தை கொஞ்ச நாளிலேயே குதிகால் தரையில் படாமல் நடக்கப் பழகிவிட்டாள். ஒருநாள் அவள் என்னிடம், “பெரியம்மா, யாருமே இல்லாத வீட்ல எல்லாம் லைட் எரியுது, நம்ம வீட்ல மட்டும் ஏன் போடக்கூடாது?” என்று கேட்டாள். வாயை மூடு என்று அதட்டினேன்.

பார்ட்டி வரும் நாட்களில் புரோக்கர் எந்தக் கதவையும் திறந்து பார்ப்பார் என்பதால், அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து நான் ஒரு பூட்டுப் போட்டுவிடுவேன். அதன் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். பார்ட்டி போனதும் திறந்துவிடுவேன். தங்கைக்கும் அவள் கணவருக்கும் இது தெரியும். முதல் தடவை பூட்டியபோது அவர் உள்ளேயிருந்து, “அக்கா, மறந்து ஊருக்குப் போயிடாதீங்க” என்று கேலி செய்தார்.

சம்பவத்தன்று மாலை பார்ட்டி வந்திருந்தது. குழந்தை பள்ளித் தோழி வீட்டில் இருந்தாள். தங்கையையும் அவள் கணவரையும் உள்ளே வைத்து நான் பூட்டினேன். அதன் பிறகு மூன்றாவது மாடியில் வதக்கிக்கொண்டிருந்தபோது வெங்காயத்தின் வாசனையை மீறி ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நான் விளக்குப் போடும் வீடுகளுக்கெல்லாம் ஒரே மீட்டரிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள், அதில்தான் பிடித்தது என்று பிறகு சொன்னார்கள். புரோக்கரும் பார்ட்டியும் கீழே ஓடினார்கள். நான் சாவியோடு மேலே ஓடினேன். நாலாவது மாடிப் படியில் புகை என்னைக் கீழே தள்ளிவிட்டது. அப்போது தங்கை கணவர் போனில் கூப்பிட்டு, “சாவி உங்ககிட்டதானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், வந்துட்டேன் என்றேன். எப்படியோ கீழே வந்து சேர்ந்தேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்ததும் சாவியை நீட்டி, ஐந்தாவது மாடிக் கடைசி வீட்டில் ஆள் இருக்கிறார்கள், நாலாவது மாடியில் யாருமே இல்லை என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற மேனேஜர், “அஞ்சாவது மாடி காலி சார். நான்தானே மேனேஜர். அந்தம்மா பயத்துல உளறுது” என்றார். அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. அங்கே ஆள் இருப்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான். அதற்குள் புகை வழியே நாலாவது மாடி ஜன்னல்களில் டிவி வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துவிட்டார்கள். மேலே போனவர்கள் வாசலில் நான் போட்டுவைத்த குழந்தைச் செருப்புகளையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கதவாக உடைத்து, கட்டிலே இல்லாத வீடுகளில் கட்டிலுக்கு அடியில் குழந்தைகளைத் தேடியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் ஒருவர் இறங்கி வந்து என் கையிலிருந்த சாவியை வாங்கினார்.

கதவடி இடுக்கில் தங்கை கணவருடைய சட்டையும் போர்வையும் நனைத்து அடைக்கப்பட்டிருந்தன. தங்கையை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு அவர் கதவுப் பக்கம் கிடந்தார். தங்கைக்கு உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர்கள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தவர்கள், எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் போதும், இரண்டாவது மாடியில் தெருவைப் பார்த்த வீடு ஒன்றை வாடகையில்லாமல் எனக்கே கொடுப்பார்களாம். இல்லையென்றால் பூட்டிக் கொன்றவள் என்று நான்தான் உள்ளே போவேனாம். இதையெல்லாம் அவர் என் தோளில் கைவைத்துக்கொண்டு சொன்னார். பிறகு, எரிந்த வீடுகள் போக மிச்சம் குறைந்துவிட்டதால் அடுத்த மாதம் வாடகை ஏறும், நாளைக்கே மற்ற மாடிகளில் விளக்குப் போட ஆரம்பித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று என் தங்கை கண் விழித்து உங்கள் அதிகாரியிடம், பூட்டை உடைத்து நாங்களேதான் உள்ளே போனோம், அக்காவுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அது பொய். ஏன்டி அவரைத் திருடனாக்கினாய் என்று அழுதுகொண்டே கேட்டேன். “செத்தவருக்கு வீடு வேண்டாம்க்கா. நீயும் உள்ளே போயிட்டா புள்ளை எங்க தங்கும்?” என்றாள்.

பூட்டு உடைக்கப்படவில்லை. வெளியிலிருந்து போட்டபடியே இருந்தது, என் சாவியால்தான் திறந்தார்கள். இறந்தவர் நான் சாவி கொடுத்து நான் குடிவைத்தவர். அவர் பெயருக்கு நேரே திருட்டு என்று எழுதவேண்டாம். பூட்டியவள் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ இல்லை, நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். குழந்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதற்குப் பிறகு என் அறையிலும் எங்களை விடமாட்டார்கள், இன்று ராத்திரி அவளை எங்கே படுக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

(ஒப்பம்)