மணல் மூட்டைக்குள் ஜப்பான்

தூரத்தில் "டும்." இனி ஏழு வரை எண்ணலாம். தலைக்கு மேல் செல்லின் கூவல். பிறகு வெடி. 2009 சித்திரை, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். "படுங்கோ, படுங்கோ" என்று பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து யாரோ கத்துகிறார்கள். நானும் கணவரும் படுத்தோம்.

அவர் வரலாற்று ஆசிரியர். ஜப்பானியரின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருட வேலை. ஈரமண் பானையில் கயிற்றை அழுத்திக் கோலம் போட்ட ஆதிக்குடிகளில் தொடங்கும். கடல் கடந்து நெல்லோடு வந்தவர்கள், வடக்கே தள்ளப்பட்ட ஐனு மக்கள், வாளேந்திய பிரபுக்கள் எல்லாரும் வருவார்கள். அவர் கிறுக்குவார். நான் பார்த்துத் தெளிவாக எழுதுவேன். அணுகுண்டுக்குப் பிறகு அந்தச் சனம் எழும்பிய கதைதான் கடைசி அத்தியாயம். எங்கள் சனத்துக்கும் அது தேவைப்படும் என்றார். நானும் நம்பினேன். விசர், பைத்தியம்தான்.

நான்கு இடப்பெயர்வுக்கும் அந்தக் கையெழுத்துத் தாள்கட்டைச் சுமந்தோம். அந்த வாரம் மழை. பொலித்தீனில் சுற்றி, ஒரு மணல் மூட்டைக்குள் வைத்துத் தைத்தேன். சாக்கு இல்லாத காலம். சேலைகளை வெட்டித்தான் மூட்டை தைத்தோம். பதுங்குகுழியைச் சுற்றி நாற்பது மூட்டை. பச்சை என்று அடையாளம் வைத்தேன். அதே பச்சைச் சேலையில் ஆறு மூட்டை தைத்திருந்தேன். அதை யோசிக்கவில்லை.

"எழும்பி ஓடுங்கோ, செல் கிட்ட வந்திட்டுது" என்று மறுபடி அதே குரல். எல்லோரும் ஓடுகிறோம். அவர் திரும்பிப் போகிறார்.

"இஞ்சரப்பா, எந்த மூட்டை?"

"பச்சை. விட்டிட்டு வாங்கோ."

வரவில்லை. கத்தியால் ஒன்றைக் கிழித்தார். மணல். இன்னொன்று. மணல். மூன்றாவதில் கை வைத்தபோது "டும்." நான் எண்ணவில்லை.

இப்போது ஒஸ்லோ. நகரின் ஓரத்தில், ரொம்மன் என்ற பகுதியில் இருக்கிறேன். வேலை முடிந்து நூலகத்துக்குப் போகிறேன். ஜப்பான் வரலாறு ஒரு தட்டு நிறைய, நோர்வேஜிய மொழியில். வாசித்தால் விளங்குகிறது. அவருடைய வசனம் மட்டும் வருவதில்லை. நினைவிலிருந்து, பானை செய்தவர்கள் வரைக்கும் எழுதினேன். நெல் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். இனி முடியாது. ஆறுதல் சொல்ல வருபவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சேலை ஒன்பது. கையெழுத்துப் பக்கங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பதினாறு வருடத்தில் நான் திரும்ப எழுதியவை பதினொன்று. போன ஆள் ஒருவர். அவரைப் புதைக்கக்கூட நான் நிற்கவில்லை. ஓடினேன்.