மூன்றாம் ரீலுக்குப் பிறகு இரண்டாம் ரீல்

விசாரணைக் குழுவினருக்கு வணக்கம். எனக்கு எதையும் வரிசையாகச் செய்துதான் பழக்கம். கொடியில் காலுறை காயப் போட்டால்கூட ஜோடி பிரிக்காமல் போடுவேன். ஆகவே உங்கள் கேள்விக்கும் முதலிலிருந்தே வருகிறேன்.

நம் பழைய பிரிட்டிஷ் திரைப்பட ரசிகர் வட்டத்துக்குப் பதினோரு ஆண்டுகளாக நான்தான் செயலாளர். திரைப்படச் சேமிப்பகத்திலிருந்து பேருந்தில் வரும் படப்பெட்டியை இறக்குவது, சனிக்கிழமை மாலை நூலக மாடியில் நாற்காலி போடுவது, புரொஜெக்டரை ஓட்டுவது, கடிதம் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. ஒரு படம் நாலைந்து ரீல்களாக வரும். ஒவ்வொரு டப்பாவின் மேலும் எண் இருக்கும். படத்தில் அவர்கள் பேசும் ஆங்கிலம் நம்மில் யாருக்கும் பாதிக்கு மேல் புரிந்ததில்லை. கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் ரசித்தோம்.

முதல் தடவை, நான் பொறுப்பேற்ற இரண்டாம் சனிக்கிழமை, நடந்தது வெறும் கைப்பிசகு. அது ஒரு கடற்படை அதிகாரியின் கதை. இரண்டாம் ரீலை விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்து மாட்டிவிட்டேன். மூன்றில் அதிகாரியின் மாமியாரைப் புதைக்கிறார்கள். அப்புறம் ஓடிய இரண்டில் அந்த அம்மாள் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடிக்கிறார். படம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். எனக்கு முன்பே தலைவர் எழுந்துவிட்டார்.

தலைவர் பல் மருத்துவர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அவர் கண் கலங்கியிருந்தது. "செத்தவங்க எங்கேயும் போறதில்ல, நம்ம பக்கத்துலதான் உக்காந்து டீ குடிக்கிறாங்க. இதை இப்படி ஒரு டைரக்டர் சொல்லி நான் பார்த்ததே இல்ல" என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். தபால் அலுவலர் கைக்குட்டையை எடுத்தார். அந்த நேரத்தில் என் கடைவாய்ப் பல் ஒன்று தலைவரிடம் பாதி வேலையில் நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

தையல்காரர் மட்டும் கை தூக்கினார். "சார், கல்லறையில நிக்கும்போது அந்த அதிகாரி கோட்டுல மேல் பட்டன் இல்ல. அப்புறம் டீ குடிக்கும்போது இருக்கு. நடுவுல யாரு தைச்சா?"

"ஏம்பா, அவ்வளவு பெரிய படத்துல உனக்குப் பட்டன்தான் கண்ணுல பட்டுதா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அளவாகச் சிரித்தேன்.

அடுத்த படத்தைச் சரியான வரிசையில்தான் ஓட்டினேன். "சுமார்தான்" என்று தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று வாரம் இதே கதை. வருகை பதினெட்டிலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. வட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இருந்தது. நான்காம் வாரம் கடைசி ரீலை முதலில் ஓட்டினேன். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து வரிசையை யோசித்து எழுதி வைப்பேன். ஏனோதானோ என்று ஒருநாளும் மாற்றியதில்லை. இரண்டு படங்கள் சேர்ந்து வந்தபோது ஒரு நீதிபதியின் கதையில் மீன்பிடிப் படகு ரீல் ஒன்றைச் செருகினேன். சாட்சி சொல்ல வந்தவர் கூண்டில் ஏறியதும் புயல் அடித்தது. தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார்.

பாவம், தையல்காரர்தான் சிரமப்பட்டார். ஒவ்வொரு வாரமும் கோட்டு, பட்டன், கிழிசல் என்று ஏதாவது கணக்கு உதைத்தது. மூன்று கண்ணாடி மாற்றினார். கண் மருத்துவர் கைவிரித்ததும் என்னிடம் வந்து, "சார், மூளையில ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்று கேட்டார். பார்த்துக்கொள்வது நல்லது என்றேன்.

பிறகு அவர் மகளைப் பார்க்க வெளியூர் போனார். அங்கே அதே கடற்படை அதிகாரி படம் ஓடியிருக்கிறது. திரும்பி வந்ததும் ஓட்டமாக மாடியேறி வந்தார். "சார், பட்டன் முதல்ல இருக்கு! சண்டையில அறுந்து விழுது! மாமியார் டீ குடிச்சிட்டுத்தான் சார் சாகுறாங்க!"

கூட்டம் கூடி, அந்த ஊர்க்காரர்கள் படத்தைத் தப்பாக ஓட்டிக் கலையைக் கொன்றுவிட்டதாகக் கண்டனத் தீர்மானம் போட்டது. தப்பான படத்தை ரசித்த குற்றத்துக்குத் தையல்காரரை நீக்கியது. முன்மொழிந்தவன் நான். நீக்கல் கடிதமும் நான்தான் எழுதினேன். நன்றாக அமைந்த கடிதம் அது. அவரே நம்பிவிட்டார். போன மாதம் எனக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். மேல் பட்டன் இல்லை. கேட்டேன்.

"வரும் சார், அவசரப்படாதீங்க. எனக்குத்தான் இத்தனை நாளா ரசனை இல்லாம போச்சு" என்றார். ஊரில் பாதிப் பேர் இப்போது பட்டன் இல்லாத காற்சட்டையை ஊக்கு குத்திக்கொண்டு நடக்கிறார்கள். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

'போன வரிசையில் எந்தப் படமும் திரும்பி வருவதில்லை. டப்பா ஒன்று, ரீல் வேறு' என்று சேமிப்பகம் புகார் எழுதியிருக்கிறது. யார் வேலை என்று கேட்கிறீர்கள். என் வேலைதான். பதினோரு ஆண்டுகளில் ஐந்நூற்று நாற்பது படங்கள். நான்கைத் தவிர மற்ற எதையும் இந்த ஊர் உள்ளபடி பார்த்ததில்லை.

தலைவர் தம் உரைகளைப் புத்தகமாகப் போடுகிறார். பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்த இயக்குநர்களின் துணிச்சல், ஆழம், மேதைமை. என்னைப் பற்றி ஒரு வரி உண்டு: 'நாற்காலி போட்ட செயலாளருக்கு நன்றி.' நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழெட்டு முறை படித்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலையே என் மனச்சாட்சி உறுத்தத் தொடங்கியது தற்செயல்.

தையல்காரருக்கு நியாயம் கிடைக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே, புத்தகத்தில் 'இயக்குநர்' என்று வரும் இடங்களில் என் பெயரைப் போட்டுவிட்டால் போதும். பக்க எண்களைத் தனித்தாளில் வரிசையாகத் தந்திருக்கிறேன். அட்டைக்காக என் புகைப்படம் இரண்டு இணைத்துள்ளேன். புதுக் கோட்டில் எடுத்தது. மேல் பட்டன் எங்கே என்று அச்சகத்தில் கேட்டால், பின்னால் வரும் என்று சொல்லுங்கள்.