றுக்கியா டீச்சரும் இரண்டாம் வகை மீகடத்தியும்

தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் அதிபர் அவர்களே, துணைவியை இழந்து நிற்கும் நளீர் நானா அவர்களே, டீச்சரின் மாணவர்களே! இன்று வணக்கம் சொல்லவே எனக்கு நா எழவில்லை. ஆனாலும் வணக்கம்.

நான் யாக்கோபு. வண்ணாத்திவில்லில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். பௌதிகவியல் ஆசிரியைக்கு இரங்கல் சொல்ல மாட்டு ஊசிக்காரன் எதற்கு என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. காளை விந்து அடைத்த எங்கள் குழாய்கள் திரவ நைதரசனில்தான் கிடக்கின்றன. இந்தக் கரையில் அவ்வளவு குளிர் வேறெங்கே உண்டு? அதைத் தேடித்தான் பாலாவியிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தார் றுக்கியா டீச்சர்!

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டுப் படகேறி, கற்பிட்டியில் இறங்கி, கிடுகுக் கொட்டிலில் பாடம் நடத்தியவர் அவர். யுத்தம் முடிந்த பிறகும் இங்கேயே நின்றார். மீகடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள், அவருக்கு உயிர். எனக்கும் வகுப்பெடுத்தார். ஈயமும் பாதரசமும் முதல் வகை. காந்தப்புலம் அளவு மீறினால் ஒரேயடியாகக் குணத்தை இழந்துவிடும். இரண்டாம் வகை, புலம் கொஞ்சம் உள்ளே புகுந்த பிறகும் தாக்குப்பிடிக்கும். அதிலும் சில செரமிக் வில்லைகளுக்கு என்னிடமுள்ள நைதரசனின் குளிரே போதும். டீச்சர் எந்த வகை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இருபது வருடம் இதைப் படிப்பித்தார். ஒருநாளாவது கண்ணால் கண்டாரா? இல்லை! அதுதான் அவருடைய ஏக்கம்.

கொழும்பிலிருந்து ஒரு வில்லை கிடைத்தது. பாடசாலை மண்டபத்தில் நைதரசனை ஊற்றினோம். குளிர்ந்து மீகடத்தியானதும், வில்லைக்கு மேலே வைத்த காந்தம் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. "புள்ளையளப் பேய்க்காட்டி ஏமாத்துறாங்க" என்று ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. டீச்சர் அசையவில்லை. "வில்லையில ஈரக்காத்துப் பட்டிருக்கு. நாந்தான் இறுக்கி மூடி வெச்சிருக்கணும். பாடத்துல பிழை இல்ல புள்ளையள்" என்றார். திரும்பிப் போகும்போது ஆட்டோவுக்குள் இருந்து அழுதார்.

இன்னொரு வில்லைக்குச் சொல்லிவைத்தார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "யாக்கோபு, நைதரசன் இரிக்கா?" என்று கேட்டார். "ஓம் டீச்சர், இருக்கு" என்றேன். வில்லைதான் வரவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்த மறுகிழமை அது வந்தது. நளீர் நானா என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக் குசினி மேசையில் வைத்து ஊற்றினோம். காந்தம் மிதந்தது! ஐயோ, மிதந்தது! விரலால் தட்ட, அந்தரத்தில் சுழன்றது. நானா வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரிடம் கோபப்படுவது?

மாணவர்களே, சனிக்கிழமை காலை பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். அன்று சிரித்தவர்களும் வாருங்கள். வருடாவருடம் நைதரசனை நானே சுமந்து வருவேன். டீச்சர் கடைசிவரை காணாததை, அவருடைய பிள்ளைகள் ஒருவர் விடாமல் காண வேண்டும்.