கோலப்பனைப் பிரட்டில் நிறுத்தியவன்

குதிரை லத்தியின் வாடை எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்காது என்பதும் தெரியும். எதிரே உட்கார்ந்து துரைக்காக இதை இங்கிலீஷில் எழுதிக்கொள்ளும் பெரிய கிளாக்கர் நல்லையா ஐயா, ஒரு கையால் லேஞ்சித் துணியை மூக்கில் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறார். ஆபீசுக்கு வா என்றார். லாயத்திலேயே வைத்துச் சொல்கிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். குதிரையைத் தனியே விட்டு வர மனம் இல்லை. அது ஐந்து நாளாகக் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைக்குள் தின்னாவிட்டால் சுட்டுவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார்.

என் பெயர் அழகுமுத்து. யட்டவத்தைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில் பதினாறு வருடமாகக் குதிரைக்காரன். நான் ஒப்புக்கொள்ள வந்த விஷயம் சிறியது. அதைப் பெரிதாக்கியது மாத்தளைச் சனங்கள்.

பெம்பர்டன் துரை போன வருடக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு ரேஸ் குதிரையை வாங்கி வந்தார். ஓடி ஓய்ந்த குதிரை. கடைசியாக ஓடிய மூன்று ரேஸிலும் கடைசியாக வந்ததாம். அதற்குக் கோல்டன் ஆரோ என்று பெயர். லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்துச் சனங்களுக்கு அது வாயில் நுழையவில்லை, கோலப்பன் என்றார்கள். கூப்பிட்டால் அதுவும் காதைத் திருப்பியது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஓடத்தான் தெரியவில்லை, நின்று காட்டினால் போதும் என்று துரை நினைத்தார். மாத்தளை மைதானத்தில் வருடா வருடம் குதிரைக் காட்சி நடக்கும். வட்டமாகக் கயிறு கட்டி, உள்ளே குதிரைகளை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, மெல்ல ஓடவிட்டு, ஒரு நடுவர் துரை பார்த்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். நல்ல குதிரைக்குக் கோப்பை. மூன்று வருடமாக அடுத்த தோட்டத்துத் துரையே அதை எடுத்துக்கொண்டிருந்தார். நம் துரைக்கு அது நெஞ்சில் குத்திய முள்ளாக இருந்தது.

ரேஸ் குதிரையைக் காட்சிக்குப் பழக்குவது சுலபம் இல்லை. அதற்கு நிற்கத் தெரியாது. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகமாகப் போகும், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். திரும்புவதும் ஒரே பக்கம்தான். முதல் நாள் துரை ஏறி, பங்களாவிலிருந்து தேயிலை ஸ்டோர் வரை போய்வர நினைத்தார். போனார். ஸ்டோரில் குதிரை நிற்கவில்லை. கவாத்து வெட்டிய மலையை வலமாகச் சுற்றிச் சுற்றி வந்து, ஐந்தாவது சுற்றில் துரையை ஒரு தேயிலைச் செடியின்மேல் விட்டுவிட்டு லாயத்துக்கு வந்துவிட்டது. கவாத்து வெட்டிய செடி கூராக இருக்கும். துரை பத்து நாள் நின்றுகொண்டே பேப்பர் படித்தார்.

அதன் பிறகுதான் புஹாரி நானா வந்தார். அலுவிகாரையில் குதிரை வண்டி வைத்திருப்பவர். இளவயதில் கொழும்பு ரேஸ் லாயங்களில் வேலை செய்தவர். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து மாலை வரை பழக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் எந்தப் பொறாமைக் காய்ச்சலும் இருக்கவில்லை. குதிரை வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் நான் அதன் பக்கத்திலேயே படுத்தேன். என் ரொட்டியில் பாதியை அதற்குக் கொடுத்தேன். அது ரொட்டியையும் தின்று, என் சட்டைக் கையையும் தின்று, இரண்டு முறை தோளையும் கடித்தது. புஹாரி நானா வந்த அன்று காலை, "அஸ்ஸலாமு அலைக்கும் மவன்" என்று சொல்லி அதன் முன்னால் சும்மா நின்றார். குதிரை நாலு எட்டு வைத்துப் போய், அவர் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. நான் வாளியோடு நின்று பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாளி தானாகக் கை நழுவி விழுந்தது.

அவர் கெட்டிக்காரர். இரண்டு மாதத்தில் கடிவாளத்தை இழுத்தால் நிற்க வைத்தார். இடப் பக்கம் திரும்ப வைத்தார். ஒரு நாள் துரை அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. இறங்கியதும் புஹாரி நானாவின் முதுகில் தட்டிச் சொன்னார்:

"கப்பு கெடச்சா நீ இங்கே இருக்கிறது. வூடு தாறது. குதிரெ ஒன் கையில. அழகுமுத்து மலெக்கி போறது."

மலைக்குப் போவதென்றால் மண்வெட்டியோடு வடிகால் கான் வெட்டப் போவது. அது கேவலமான வேலை இல்லை, என் அப்பன் செய்த வேலைதான். எனக்குக் குதிரையைப் பற்றித்தான் கவலை. அதற்கு ஒழுங்கான பழக்கம் போதாது என்று பட்டது. எல்லாம் வெள்ளைக்காரப் பழக்கமாக இருந்தது. தோட்டத்துக் குதிரைக்குத் தோட்டத்துப் பழக்கம் தெரிய வேண்டாமா?

ஆகவே மறுநாள் விடியலில் கொம்பு ஊதியதும் அதைப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனேன். ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற களம். ராசையா கங்காணி, பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு நின்றார்.

"என்னாடா, இதுவும் பெரட்டுக்கா?"

"தொர உத்தரவுங்க."

அவ்வளவுதான் பேச்சு. துரை உத்தரவு என்றால் அதைத் துரையிடமே போய்க் கேட்கும் வழக்கம் இந்தத் தோட்டத்தில் இல்லை. கேட்டவன் யாரும் கங்காணியாக நீடித்ததும் இல்லை. கங்காணி கொஞ்சம் யோசித்து, பெண்கள் வரிசையில் இடம் இருக்கிறது என்றார். அழகாயிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"பதினாலு வருசமா கொழுந்து எடுக்கிறேன், நேத்து வந்தது எனக்கு முன்னுக்கு நிக்கிது" என்றாள் அழகாயி. "வாலயாவது அந்தப் பக்கம் திருப்புங்க."

புத்தகம் திறந்திருக்கும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். "சரி, மலைக்கு" என்று கங்காணி புத்தகத்தைப் பட்டென்று மூடினால் மலைக்கு நடக்க வேண்டும். அங்கே விடிய எடுத்த முதல் கொழுந்தை நிறுக்கும் வரிசையில் நின்று, தன் முறை வந்து தராசைத் தொட்டதும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. குதிரை நாலே நாளில் கற்றுக்கொண்டது. நம் ஆட்களில் சிலருக்கு நாலு வருடம் ஆகும். எட்டு மணிக்குப் புஹாரி நானா வரும்போது அதை லாயத்தில் கொண்டுவந்து கட்டிவிடுவேன். ஒரு நாள் பிந்திப் போனதற்கு ராசையா கங்காணி அதற்கு அரைப் பேர்தான் போட்டார், அரை நாள் கூலிக் கணக்கு. மனுசருக்கு ஒன்று மிருகத்துக்கு ஒன்று என்று அவர் பார்ப்பதில்லை.

'இதையும் எழுதவா' என்று கிளாக்கர் ஐயா கேட்கிறார். எழுதுங்கள். பேர் போட்டது அவர் தவறு இல்லை.

இதுவரை சொன்னதில் குற்றம் என்று ஒன்றும் இல்லை. இனிச் சொல்வதிலும் பெரிதாக இல்லை. குதிரைமேல் ஆள் இருந்தால் அது பிரட்டுப் பாடத்தை மறந்துவிடும் என்று தோன்றியது. அதனால் துரையின் பழைய கால்சட்டையிலும் கோட்டிலும் வைக்கோல் அடைத்து, ஒரு தொப்பியும் வைத்து, சேணத்தில் கட்டினேன். பொம்மையின் கைகளைக் கடிவாளத்தோடு இறுக்கிக் கட்டினேன். புத்தகம் மூடியதும், மேலே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் மலைக்கு நடப்பதே கடமை என்று அதற்குப் புரிய வேண்டும் அல்லவா. வைக்கோல் துரையைப் பார்த்துச் சிலர் சலாம் போட்டார்கள். அவர் திட்டவில்லை என்பதால் நல்ல துரை என்று பேசிக்கொண்டதாகவும் கேள்வி.

புத்தகத்தையும் மாற்றினேன். கங்காணியின் புத்தகம் கறுப்பு அட்டை. போன வருடக் காட்சியில் நடுவர் துரை கையில் சிவப்பு அட்டைப் புத்தகம் வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். மாத்தளையில் பலீல் முதலாளியின் கடையில் அதே போல் சிவப்பு அட்டைப் புத்தகம் வாங்கி வந்து, இதுவும் துரை உத்தரவு என்று ராசையா கங்காணியிடம் கொடுத்தேன். நல்ல புத்தகம் என்றார். மூடினால் சத்தமும் நன்றாக வந்தது.

காட்சி நாள், இன்றைக்கு மூன்று கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. மைதானம் நிறையச் சனம். கொட்டகையில் துரைசாணிமார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புஹாரி நானா புதுச் சாரமும் புதுத் தொப்பியுமாக வந்து கயிற்றருகே நின்றார். அவர் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. நம் துரை மேலே ஏறி உட்கார்ந்ததும் கோலப்பன் நடந்தது, திரும்பியது, மெல்ல ஓடியது. ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஏழு குதிரைகளையும் வரிசையாக நிறுத்தி, நடுவர் துரை சிவப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

மற்றக் குதிரைகள் காலை மாற்றின, வாலை ஆட்டின, ஒன்று கனைத்தது. கோலப்பன் கல்லில் செதுக்கியது போல் நின்றது. கண்கூட இமைக்கவில்லை. நடுவர் துரை அதன் முன்னால் வந்து தலையை ஆட்டினார். பெம்பர்டன் துரையின் முகம் முழுக்கச் சிரிப்பு. புஹாரி நானாவின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். நடுவர் கடைசியாக ஒரு வரி எழுதிப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

கோலப்பன் வரிசையை விட்டு வெளியே வந்தது. ஓடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் போகிற மாதிரி நடந்தது. துரை கடிவாளத்தை இழுத்தார். இன்னும் இழுத்தார். பாவம், வைக்கோலைவிட அவர் கொஞ்சம்தான் பலமாக இழுத்தார். அது கயிற்றைத் தாண்டி, சர்பத் விற்றவரைச் சுற்றி, ரோட்டைக் கடந்து, மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையில் ஏறியது. பாதி மாத்தளை பின்னால் ஏறியது.

அந்த மலை அடுத்த தோட்டத்துத் துரையுடையது என்பது எனக்குத் தெரியும். மதியக் கொழுந்து நிறுக்கிற நேரம் என்பதும் தெரியும். கோலப்பன் பெண்களின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றது. முன்னால் இருபத்தெட்டுப் பேர். துரை இங்கிலீஷில் கத்தினார், சிங்களத்தில் கத்தினார், தமிழிலும் கொஞ்சம் கத்தினார். குதிரை தன் முறை வராமல் நகர்வதாக இல்லை. இறங்கிவிடலாம் என்றால், அங்கே கவாத்துச் செடி. துரைக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டும், இறங்கவில்லை. வரிசை மெல்ல நகர்ந்தது. அரை மணி நேரம் கழித்துத் தராசடிக்கு வந்தார்கள். அங்கே நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை கண் மங்கிய மனிதர். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"கூடை எங்க?"

மாத்தளை சிரித்த சிரிப்பு எங்கள் தோட்டம் வரை கேட்டிருக்கும். துரைசாணி அன்றே நுவரெலியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார், இன்னும் வரவில்லை.

துரை கீழே வந்ததும் எல்லோருக்கும் முன்னால் புஹாரி நானாவை ஏசினார். ஏமாற்றுக்காரன் என்றார், தோட்டத்து எல்லையை மிதித்தால் போலீசில் கொடுப்பேன் என்றார். நானா, கருப்பட்டி கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்த குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, புள்ளய பாத்துக்கங்க. பயந்து போயிருக்கு. ராவைக்கு சும்மா பேசிக்கிட்டே இருங்க, தூங்கிரும்."

நான் குனிந்து குதிரையின் குளம்பைத் துடைத்தேன். சேறு பட்டிருந்ததுதான் காரணம்.

அவர் சொன்னபடி பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேசினேன். என் கல்யாணக் கதையைக்கூடச் சொன்னேன். சட்டையைக் கடிக்கும் என்று தோளைக் காட்டினேன், கடிக்கவில்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் கொள்ளுத் தீனியைக் குறைத்தது, பிறகு விட்டுவிட்டது. கருப்பட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இப்போது புல்லில் இரண்டு வாய், அவ்வளவுதான். கண்டியிலிருந்து வந்த மிருக வைத்தியர் உடம்பில் ஒரு நோயும் இல்லை என்றார். முந்தாநாள் துரை வந்து அதன் விலா எலும்பைப் பார்த்தார்.

"சனிக்கிழமெ வரெக்கும் பாக்கிறது. தின்னாட்டி சுடுறது" என்றார். பங்களாவில் துவக்கைத் துடைக்கச் சொல்லியிருக்கிறாராம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பிரட்டில் நிறுத்தியது நான். வைக்கோல் துரையைக் கட்டியது நான். சிவப்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது நான். துரை உத்தரவு எதுவும் இருக்கவில்லை, புஹாரி நானாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. என்னை மலைக்கு அனுப்பட்டும், போலீசில் கொடுக்கட்டும். அதற்கு முன்னால், இன்றைக்கே அலுவிகாரைக்கு ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வரச் சொல்லுங்கள். நாளைக்கு என்றால் பிந்திவிடும்.

ஒன்று மட்டும், ஐயா. குதிரை அவரை நினைத்து ஏங்குகிறது என்று இங்கிலீஷில் எழுதிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. விடிந்தது முதல் அலுவிகாரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது வாஸ்தவம்தான். அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது. எட்டு மணிக்கு இன்னும் நன்றாக வரும். ஐந்து நாளாக நானும் கூடவே நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.