பெர்லினுக்கென்று அரைத்த மாவு

கட்டிப் பெருங்காயத்தில் பெருங்காயம் கொஞ்சமாகத்தான் இருக்கும். மீதி மைதாவும் பிசினும். கலப்படம் என்று நினைக்க வேண்டாம். அசலை அப்படியே போட்டால் நாக்கு காந்தும். ஆனாலும் வாங்க வருபவர் கேட்காததை விற்பவன் எடுத்துச் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் என் மளிகைக் கடையில் அப்பா காலத்திலிருந்து அதுதான் நாணயம்.

என் மனைவி பெர்லினுக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே வயிறு சரியில்லை. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றால் போகும். ரத்தம் ஊறாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். டீச்சர் வேலையை விட்டாள். நான்தான் சமைத்தேன், தலை வாரிவிட்டேன், கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "ஜாஸ்பர் மாதிரி மாப்பிள்ள கெடைக்க அவ குடுத்துவச்சிருக்கணும்" என்று சபையில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். காதில் விழாத மாதிரி நடப்பேன், கொஞ்சம் மெதுவாக.

பிறகு ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். சீலியாக் நோயாம். கோதுமைதான் அவள் குடலை அரிக்கிறது. ஆயுசுக்கும் ஒரு துளி கூடாது என்றார். சப்பாத்தி, மைதா, ரவை, சேமியா எல்லாம் வீட்டைவிட்டுப் போயின. நெல்லைக்காரி அல்வாவையே விட்டாள். கோயிலில் திருவிருந்து கொடுக்கும்போது கோதுமை அப்பத்தை விட்டுவிட்டுத் திராட்சரசத்தை மட்டும் பருகினாள். சந்தேகத்துக்குப் பெருங்காயத்தையும் தள்ளி வைத்தாள்.

சில மாதத்தில் கன்னம் வந்தது. சிரிப்பு சத்தமாக வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"விக்கிரமசிங்கபுரத்துல ஒரு ஸ்கூல்ல கூப்பிடுதாக. ஹாஸ்டல்லயே தங்கிக்கிடலாமாம். சேருதேன்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த?"

"இப்பம் சொல்லுதேன்லா."

இத்தனை வருடம் தாங்கிய கையை, தெம்பு வந்ததும் தட்டிவிட்டாள். துரோகம் என்று நான் சொல்லவில்லை. வேறு பெயர் இருந்தால் தெரியப்படுத்துங்கள்.

அந்த வாரம் அவளாகத்தான் கேட்டாள். "ஏங்க, பெருங்காயம் இல்லாம ரசம் எறங்க மாட்டேங்கு. அதுல கோதும ஒண்ணும் இல்லல்லா?"

"அது ஒரு செடியோட பால்லா" என்றேன். பொய் இல்லை.

ரசத்தில் தாராளமாகவே போட்டேன். அது போதாது என்று பட்டபோது, அவளுக்கென்று தனியாக அரைத்து வைத்த அரிசி மாவில் மைதாவைக் கலந்தேன். இரண்டும் வெள்ளைதானே. சலித்துத்தான் கலந்தேன், கட்டி தட்டக் கூடாது பாருங்கள்.

பழையபடி போக ஆரம்பித்தது. வேலைக்குச் சேர வேண்டிய அன்று படுக்கையை விட்டு எழ முடியவில்லை. திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று டாக்டரம்மாவே நினைத்தார். அவள் அண்ணன் எபி வந்து சத்தம் போட்டார்.

"ஏட்டி, ஒரு பரோட்டாவ விட முடியல, நீ பிள்ளையளுக்குப் பாடம் நடத்தப் போறியாக்கும்!"

"சத்தியமா நான் தொடவே இல்லண்ணே."

"அப்பம் கோதும தானா நடந்து வந்து ஒன் வாய்க்குள்ள ஏறிச்சோ?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். "மச்சான், சீக்காளிய வையாதீய."

இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குடல் ரொம்பக் கெட்டுவிட்டதாம். பிழைத்தாலும் பழைய தெம்பு வராதாம். கலந்தது நான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். இன்று காலையும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன், அதே மாவில். குடித்து முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன்கூட நம்பல. நீங்க ஒருத்தராவது நம்புதீயளே."

நம்பாமல்? தெரிந்து ஒரு துளி கோதுமையை அவள் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியாதா. தலையைத் தடவிக்கொடுத்தேன். ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று அவள் இப்போதெல்லாம் சொல்வதில்லை. எனக்குச் செய்ததை நானும் மன்னித்துவிட்டேன்.