மதுரை முற்றுகை, பதினோரு நாள்

அட்டையில் ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும். உப்பியது பிறகு என்ன செய்தாலும் படியாது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் வெடிப்பெட்டி லேபிளுக்கு டிசைன் போட்டவன் நான், ஐயா. அதனால் இதைத் திட்டமாகச் சொல்ல முடியும். ஈரக்கையோடு என் மேசையைத் தொடாதீர்கள் என்று சொன்னால், என் வீட்டில் அதை ஒரு கிறுக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மேசையில் இருந்ததை உங்கள் ஏட்டு கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அது சூதாட்டச் சாமான் இல்லை. போர் விளையாட்டு. கட்டம் போட்ட வரைபடம் ஒன்று, அச்சகத்தில் கழித்துப்போட்ட அட்டையில் நானே வெட்டிய சில்லுகள் நானூற்றுச் சொச்சம். யானை, குதிரை, வில்லாள், காலாள். பழைய காலத்துப் போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, யார் எங்கே நின்றார்கள் என்று படித்து, அதேபோல் அடுக்கி, முதலில் இருந்து நடத்திப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் நானே. பகடை உருட்டுவதும் நானே. இருபது வருஷமாக எதிரே ஆள் கிடையாது. வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எனக்குப் பிடித்தது மதுரை முற்றுகை. குலசேகர பாண்டியன் கோட்டையை வளைத்துக்கொள்கிறான். உள்ளே இருக்கும் பராக்கிரம பாண்டியன் ஈழத்துக்கு ஆள் அனுப்பி உதவி கேட்கிறான். படை கடல் தாண்டி வருவதற்குள் அவன் கதை முடிந்துவிடுகிறது. இதை எத்தனை முறை ஆடினேன் என்று கணக்கு வைத்ததில்லை.

பொன்ராஜ் என் மனைவி ஜெபராணியின் அண்ணன். கட்டை பிரம்மச்சாரி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். சித்திரையில் நடந்த விபத்தில் இரண்டு காலும் தொடைவரை வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்து, தோல் எடுத்து ஒட்டி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். சர்க்கரை வேறு. ஜெபராணி நர்ஸ். “எங்கண்ணன நான் பாக்காம வேற யாரு அத்தான் பாப்பா?” என்றாள். நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆமத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் காற்று வரும் என்று கட்டிலை அங்கே போட்டாள். என் மேசைக்கு நாலடி தள்ளி.

வெந்த உடம்புக்கு ஒரு வாடை உண்டு, ஐயா. களிம்பும் ஊசிப்போன கறியும் கலந்தாற்போல் இருக்கும். தலையணையில் ஏறும், திரைச்சீலையில் ஏறும், சோற்றுத் தட்டைத் தூக்கினால் அதிலும் இருக்கும். கட்டு நனைந்து மஞ்சளாகக் கசிந்து ரப்பர் விரிப்பில் தேங்கி, ஓரத்தில் காய்ந்து செதிலாக உரியும். அதைச் சொறிந்த விரலாலேயே அவர் பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்குவார். எனக்கும் ஒன்று நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். மரியாதை தெரியாதவன் இல்லை. வாங்கிக் கொல்லைப்பக்கம் போய்க் காக்காய்க்குப் போட்டுவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

அவருக்குப் பொழுது போகவில்லை. நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். முதல் மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து நான் உட்கார்ந்ததும் கேட்டார்.

“மாப்பிள்ள, ரெண்டு பக்கமும் நீங்கதான். அப்புறம் எப்பப் பாத்தாலும் கொலசேகரனே ஏன் செயிக்கான்?”

“பகடை அப்படி விழுது மச்சான்.”

“விழல. உள்ள இருக்கவனுக்கு ஒண்ணு விழுந்தா அப்படியே வச்சுக்கிடுதீக. வெளிய நிக்கவனுக்கு ஒண்ணு விழுந்தா, கை தவறிட்டுன்னு இன்னொருக்கா உருட்டுதீக. நானும் ஒரு மாசமாப் பாக்கேன்.”

கேலியாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி, “உள்ள இருக்க பாண்டியன நான் ஆடுதேன்” என்றார். விதிகளை ஒரே தடவைதான் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் என் படையை வைகைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். “எம்புட்டு நல்லா இருக்கு மாப்பிள்ள! ஆளுக்கு ஒரு பக்கமா தெனம் ஆடுவமா?” என்று என் யானைச் சில்லைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அவர் கீழே வைத்தபோது அதன் முதுகில் மஞ்சள் ஈரம் இருந்தது. ஓரம் உப்பியிருந்தது.

தோற்றதற்காக நான் வருத்தப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் மகள் ஷைலாவுக்கு நாகர்கோவிலில் பிரசவம். ஜெபராணி கிளம்பினாள். தினமும் கட்டைப் பிரித்து, மருந்துத் தண்ணீரால் துடைத்து, புதுக்கட்டு போட வேண்டும். காலையும் மாலையும் ஒரு மாத்திரை. எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தாள். “பன்னெண்டு நாள்தான் அத்தான். முகம் சுளிக்காமச் செய்யுங்க. அண்ணன் மனசு நோகும்” என்றாள். நான் முகம் சுளிக்கவே இல்லை. அதை அவரே சொல்லியிருப்பார்.

முதல் நாள் கட்டைப் பிரிக்கத்தான் போனேன். கையுறை போட்டுக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினேன். துணியோடு சேர்ந்து ஏதோ இழுபட்டது. கொழகொழவென்று இருந்தது. முனையை அப்படியே ஒட்டி வைத்தேன். “என்ன மாப்பிள்ள?” என்றார். “நல்லாக் காஞ்சிருக்கு மச்சான். இனிமே பிரிக்க வேண்டாம், மாத்திரையும் போதும்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஜெபராணி போன் போட்டா” என்றேன். “அவ சொன்னாச் சரிதான்” என்றார்.

மாத்திரையைக் கையில் கொடுப்பதில் என்ன அருவருப்பு என்று நீங்கள் கேட்டீர்கள். கொடுத்தால் ஆறும், ஐயா. ஆறினால் எழுந்து உட்காருவார். தினமும் மத்தியானம் கையை நீட்டிக்கொண்டு என் எதிரே உட்காருவார். அதைத்தான் நினைத்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மாத்திரையைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒருவேளைகூடத் தவறவில்லை. ஜெபராணி வந்து மாத்திரை அட்டையைப் பார்க்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும் இல்லையா?

அந்த நாட்களில் மதுரை முற்றுகையை நிதானமாக ஆடினேன். அவர் கட்டிலைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று காரணம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஈ வர ஆரம்பித்தது. ஆறாம் நாள் பக்கத்து வீட்டு நசிமா வாசலில் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மெர்வின் சார், ஒரு வாடை வருதே, எலி எதுவும் செத்துக் கெடக்கா?” என்று கேட்டார். வத்தல் வியாபாரம் பார்க்கிறவர்கள், மூக்கு கூர்மை. “ஆமாம்மா, தேடிக்கிட்டு இருக்கேன்” என்றேன். சாம்பிராணி கொடுத்தனுப்பினார். ஏற்றி வைத்தேன். புகையும் அதுவும் சேர்ந்து இன்னும் மோசமாகிவிட்டது. நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே, “உங்களுக்கு எம்புட்டுச் செரமம் மாப்பிள்ள” என்றார்.

ஏழாம் நாள் ஜெபராணி அண்ணனோடு பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போனை அவர் காதில் வைத்தேன். உடம்பு கொதித்தது. “நல்லா இருக்கேம்மா. மாப்பிள்ள நல்லாப் பாக்காக. நீ பிள்ளயக் கவனி” என்றார். அவருக்கும் இதில் சம்மதம்தான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு தெளிவு வந்தது.

பதினோராம் நாள் விடியும்போது மூச்சு நின்றிருந்தது. போன் போட்டுச் சொன்னேன். ஜெபராணி மத்தியானம் வந்தாள். அழவில்லை. போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தாள். மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் நர்ஸுகள் தேதி எழுதுவார்கள், எனக்குத் தெரியாது. அவள் கிளம்பிய அன்றைய தேதி, அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பிரித்தாள். உள்ளே நெளிந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எதையோ மிதித்துவிட்டவள் காலைப் பார்ப்பது மாதிரி. அது நியாயம் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள்.

நான் எதையும் மறைக்கவில்லை. மருந்தை நிறுத்தினேன், புண்ணை அழுக விட்டேன், அவர் சாவார் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவர் மாத்திரை கேட்டாரா என்பதுதான் நீங்கள் கடைசியாகக் கேட்டது. கேட்டார். ஒன்பதாம் நாள் சாயங்காலம். “மாப்பிள்ள, அந்த மாத்திரைய ஒண்ணு போட்டுப் பாப்பமா? காலு எனக்கு என்னமோ சரியாப் படல” என்றார். “ஜெபராணி வரட்டும் மச்சான்” என்றேன். “சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டார், ஐயா. உண்மையிலேயே பிழைக்க நினைக்கிறவன் இன்னொரு தடவை கேட்டிருப்பான்.