பழைய முகவரிப் படிவம்

மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகில் மடிக்கணினியோடு நின்ற பெண், கூட வந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ண, ஒரு படிவத்த அழிச்சிட்டன். இப்ப எதெது சாகுமெண்டு தெரியல்ல."

"ஆஸ்பத்திரி வண்டிக்குச் செஞ்ச செயலியிலயா?"

"ஓம். முகவரிப் படிவம் ரெண்டு கிடந்துது. பழசத்தான் அழிச்சன்."

"வேற எந்தப் படிவம் அதிலயிருந்து விபரம் எடுக்குதெண்டு தேடிப் பாத்தியா?"

"இல்ல."

"நல்ல வேலை பாத்தாய் புள்ள. இப்பயாவது தேடு."

தேடினாள். "வண்டி கேக்கிற படிவம் ஊர்ப் பேரை அதிலதான் எடுக்குது."

அதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. வண்டிச் சாரதியின் குரல் பக்கத்தில் நின்ற பயணிகளான எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, பிள்ளைத்தாச்சி ஒராள ஏத்தச் சொல்லிக் கிடக்கு. பேர் இருக்கு, ஊர் வெறுமையாக் கிடக்கு. எங்க போறது?"

"கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பன். அவ பொறுப்பாவா?"

"அழிச்சதத் திருப்பி எடுக்கிறன் அண்ண. வாவிக்குள்ள இணையம் சரியா இல்ல, சுத்திக்கொண்டே நிக்குது."

படகு கரையில் முட்டியது. நாங்கள் இறங்கினோம். அவர்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்கள்.

"ஆ, வந்துட்டு! கதிரவெளி," என்றது கைபேசி. வண்டி உறுமுவதும் கேட்டது.

அவர் மூச்சுவிட்டார். "இனி அழிக்கிறதெண்டா, தேடிப் பாத்திட்டு, கரையில நிண்டு அழி."